மீன் ஏறி வர வழி விடுவோம்

அடையாறு எங்கள் பக்கத்தில்தான் புறப்படுகிறது. சைதாப்பேட்டைப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடக்கிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வண்டலூருக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் ஆதனூர் ஏரி இருக்கிறது. அதன் உபரி நீரும் அக்கம்பக்கத்து ஏரிகள் விடுகிற நீரும் சேர்ந்து ஓடையாகி, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் வழியாகப் போகின்றன. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியும் வந்து சேர்கிறது. அங்கிருந்து அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம் தாண்டிப் பட்டினப்பாக்கத்தில் கடல். மொத்தம் சுமார் 42 கிலோமீட்டர். இந்த ஆற்றுக்கு மலை ஊற்றோ பனியோ கிடையாது. ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் ஆறு.

நான் இந்தப் பகுதியில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆதனூர்ப் பக்கம் பிறந்து வண்டலூரில் குடியேறியவன். முடிச்சூர் சாலையிலிருந்து ஊரப்பாக்கம் வரை முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் கடிதம் கொடுத்திருக்கிறேன். வயலாகப் பார்த்த இடம் மனைப்பிரிவாகி, அதற்குத் தெருப்பெயர் வந்து, அந்தப் பெயருக்கு முதல் கடிதம் வந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். எந்தத் தெரு எதன் மேல் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி வேலைக்குப் போகிறேன். இந்தப் பக்கத்து மக்கள் ஏரிகளை மீட்கச் செய்துவருவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், மீனிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி என்று படுகிறது.

எங்கள் சின்ன வயதில், ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பினால் அன்று ராத்திரி ஊர் தூங்காது. "கலங்கல் போவுது, கலங்கல் போவுது" என்று தெருவில் சத்தம் கேட்கும். சித்தப்பா அரிக்கேன் விளக்கையும் மீன் பிடிக்கிற மூங்கில் பறியையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார், பின்னாலேயே நான். ஏத்து மீன் பிடிக்கப் போகிறோம். ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில் கொட்டுகிற தண்ணீரை எதிர்த்துக் கீழேயிருந்து மீன் ஏறி வரும். கெளுத்தி கூட்டமாக வரும். கெண்டை துள்ளித் துள்ளி விழும். குறவையும் விராலும் கல்லை ஒட்டி நெளிந்து வரும். பனையேறிக் கெண்டைக்குத் தண்ணீர்கூட வேண்டாம். செவுள் மூடியை விரித்து ஊன்றி ஈரப் புல்லிலேயே நகர்ந்து போய்விடும். காற்றைச் சுவாசிக்க அதற்குத் தலைக்குள் தனி உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, இந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சாகி, ஐரோப்பிய அறிஞர்கள் அதைப் பற்றி நெடுங்காலம் விவாதித்தார்கள்.

சித்தப்பா பறியை ஓரத்தில்தான் வைப்பார், நடு ஓட்டத்தை மறிக்க மாட்டார். வயிறு புடைத்த சினை விரால் கையில் சிக்கினால் அதை ஏரிப் பக்கமாக வீசிவிடுவார். "அது மேல போய்க் குஞ்சு பொரிச்சாத்தான்டா அடுத்த வருசம் நமக்குக் கொழம்பு" என்பார்.

மீன் ஏன் இப்படி உயிரைக் கொடுத்து ஏற வேண்டும்? புதுமழையில் ஏரியின் ஓரங்களும் தாழ்ந்த வயல்களும் முழுகும். முழங்காலுக்குக் கீழே ஆழம், வெயில் படுகிற தண்ணீர், அழுகிய புல், அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். பெரிய மீன்கள் அவ்வளவாக அங்கே வருவதில்லை. முட்டையிடவும் குஞ்சு வளரவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. விரால் அந்த ஆழமில்லாத கோரைக்குள் இடம் பண்ணி முட்டையிடும். குஞ்சுகள் செக்கச் செவேலென்று ஒரே திரளாக நீர்மட்டத்தில் நகரும். தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும். அந்தச் சிவப்புத் திரளைப் பார்த்த கடைசித் தலைமுறை எங்களுடையதாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மேல்நாட்டில் இதே கதை சால்மன் மீனை வைத்து நடக்கிறது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பி ஏறுகிற மீன். அமெரிக்காவின் பசிபிக் கரையில் அணைகளும் மரம் வெட்டுவதும் அதன் வழியை அடைத்துவிட்டன. வடக்குக் கலிஃபோர்னியாவில் மட்டோல் என்ற சின்ன ஆற்றின் கரையில் வாழ்கிற மக்கள் 1980-இல் தாங்களே ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். சினை மீன்களைப் பிடித்து, ஓடைக்கரையிலேயே பெட்டிகளில் முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். போகப் போக ஒன்று புரிந்தது. மரம் வெட்டிய மலைச்சரிவுகளிலிருந்தும் பராமரிப்பில்லாத மண்பாதைகளிலிருந்தும் மண் கரைந்து வந்து, முட்டையிடுகிற கூழாங்கல் படுகையை மூடிக்கொண்டே இருந்தது. மீன்குஞ்சு விடுவதோடு வேலை முடியாது என்று தெரிந்து மலையேறி மரம் நட்டார்கள், பாதைகளைச் சீர்செய்தார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் இருந்த இரண்டு பழைய அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து எடுத்தார்கள். கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை எடுக்கும் வேலை 2024-இல் முடிந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர்களில் யூரோக் முதலிய பழங்குடி மக்கள் முன்னணியில் இருந்தார்கள். அணை போன சில வாரங்களிலேயே, நூறு ஆண்டுகளாக மீன் எட்டாத மேல்பகுதியில் சால்மன் தென்பட்டது.

நம்மிடம் சால்மன் இல்லை. ஆனால் ஏத்து மீன் இருக்கிறது. விலாங்கு இருக்கிறது, அது சால்மனுக்கு நேர் எதிர், நன்னீரில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகிற மீன். ஒரு நீர்நிலைக்கும் அடுத்த நீர்நிலைக்கும் நடுவே வழி இருந்தால்தான் இவற்றுக்கு வாழ்வு. நமக்கும் அப்படித்தான்.

ஏரி என்றால் பலர் ஒரு பெரிய பள்ளத்தை நினைக்கிறார்கள். எங்கள் ஊர் ஏரிகள் பள்ளம் தோண்டியவை அல்ல. லேசாகச் சரிகிற நிலத்தில், சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல் மண்கரை போட்டால் மேலே விழுந்த மழை அங்கே வந்து நிற்கும். மேலிருந்து தண்ணீர் வருவது வரத்துக் கால்வாய். வயலுக்கு விட மதகு. நிரம்பினால் வழிய கலங்கல். கலங்கலில் வழிந்தது கீழேயுள்ள அடுத்த ஏரிக்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகப் போகும். பழைய செங்கல்பட்டு மாவட்டமே ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கியது இதனால்தான். கலங்கலின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். பருவமழை வேகமாக இருக்கும்போது கல்லுக்கு நடுவே தண்ணீர் தாராளமாகப் போகும். மழை ஓயப்போகிறது என்று தெரிந்ததும் அந்த இடைவெளிகளில் புல்லும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். ஏரி இன்னும் ஒரு அடி, ஒன்றரை அடி கூடுதலாகப் பிடிக்கும். எப்போது திறந்து விடுவது, எப்போது அடைப்பது என்று தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர் இருந்தார்.

இந்த வேலைகளுக்கு ஊரே பொறுப்பு. எங்களுக்குத் தெற்கே உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கு மேரையாக ஒதுக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி வரி வசூலை முழுதாகக் கையில் எடுத்தபோது அந்தப் பங்கு போயிற்று. மேரை போன பிறகு மராமத்தும் நலிந்தது. அதைச் சரிக்கட்ட 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். மக்களிடமிருந்து பங்கையும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் சட்டம் போட்டு வாங்க முடியுமா? முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் கதை இன்னும் வேகமாக ஓடியது. ஏரிப் பாசனத்தில் இருந்த வயல்கள் மனைகளாயின. வயல் போனதும் ஏரியைக் கேட்க ஆள் இல்லை. ஏரியாவது கண்ணுக்குத் தெரிகிறது. கால்வாய்கள் தெரியவே இல்லை. கோடையில் காய்ந்து கிடக்கிற நாலு முழ அகலப் பள்ளத்தை ஒரு புது வீட்டுக்காரர் எதற்கென்று நினைப்பார்? ஒரு லாரி மண் கொட்டினால் வண்டி நிறுத்த இடம் ஆயிற்று. இப்படி ஒவ்வொருவராகக் கொட்டியதுதான்.

2015-இல் விளைவைப் பார்த்தோம். நவம்பர் நடுவிலேயே முடிச்சூரில் வீடுகள் முழுகிப் படகு வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தில் 47. செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால்தான் எல்லாம் முழுகியது என்று இன்றும் பேசுகிறார்கள். சென்னை நகரத்துக்கு அது பெரிய காரணம். நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி ஆற்றில் சேருகிற இடம் திருநீர்மலை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அவற்றை முழுக அடித்தது எங்கள் ஏரிகளின் தண்ணீரும் எங்கள் தலைமேல் விழுந்த மழையும்தான். ஆதனூர், மணிமங்கலம் பக்கம் ஏரிகள் வழிந்தும் உடைந்தும் வந்த தண்ணீர், போக வேண்டிய வழி இல்லாமல் தெருவழியாகப் போயிற்று.

வெள்ளம் வடிந்த பிறகு நான் கொண்டுபோன தபால்கள் பெரும்பாலும் காப்பீட்டுக் கடிதங்கள், புதிய வங்கி அட்டைகள், பள்ளிச் சான்றிதழ்களின் நகல்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார்த்துக்கொண்டே கடிதம் கொடுப்பேன். ஒரே மனைப்பிரிவில் ஒரு தெருவில் கறை முழங்கால் உயரம், அடுத்த தெருவில் ஜன்னல் உயரம். அந்த ஜன்னல் உயரத் தெருக்களை மனதுக்குள் கோர்த்துப் பார்த்தேன். சின்ன வயதில் நான் காகிதக் கப்பல் விட்ட கால்வாய் அப்படியே வளைந்து வளைந்து வந்தது. பிறகு கிராம வரைபடத்தை வாங்கி வைத்துப் பார்த்தபோது வாய்க்கால் புறம்போக்கு என்று போட்டிருந்த கோடும் அதேதான்.

நாலே ஆண்டில் நிலைமை தலைகீழ். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில்தான் சிட்லபாக்கத்து மக்கள் செய்ததை நாடே கவனித்தது. அவர்களுடைய ஏரி ஆக்கிரமிப்பால் பாதிக்கு அருகில் சுருங்கி, ஒரு பக்கம் குப்பைக் கிடங்காகி, மீதியில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற குடியிருப்போர் குழு அதற்கு முன்பே மனு, வழக்கு, கூட்டம் என்று அலைந்துகொண்டிருந்தது. ஏரி காய்ந்ததும் அவர்களும் அக்கம்பக்கத்தாரும் விடுமுறை நாட்களில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், பள்ளிக்கூடத்துக் குழந்தைகள், எல்லோரும். கையால் தூர் வாரி ஒரு ஏரியை மீட்டுவிட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அத்தனை பேர் சேற்றில் நிற்பதைப் பார்த்தபின் அரசு சும்மா இருக்க முடியவில்லை. அதே ஆண்டு சிட்லபாக்கம் ஏரிக்கு 25 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. குப்பைமேடு பிரித்து அகற்றப்பட்டது, ஏரி ஆழப்படுத்தப்பட்டது.

சிட்லபாக்கத்து உபரி போய்ச் சேருவது செம்பாக்கம் ஏரி, சுமார் 100 ஏக்கர். அங்கே கேர் எர்த் அறக்கட்டளையும் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும் சென்னை ஐஐடியின் துணையோடு வேலை செய்தார்கள். இந்தக் குழு தனி ஏரியாக அதைப் பார்க்காமல் வரிசையாகப் பார்த்தது எனக்குப் பிடித்தது. செம்பாக்கத்திலிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மேலே ஒரு ஏரியில் சாக்கடை விட்டால் கீழே நாலு ஊருக்கும் அது போகும். கேர் எர்த் அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசன் பள்ளிக்கரணைக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். 2022-இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025-இல் அவருக்கு ராம்சர் விருது கிடைத்தது. அதே வரிசையில் உள்ள கீழ்க்கட்டளை ஏரியில் வேலை செய்ய முனைந்ததற்காக 2012-இல் ரோலெக்ஸ் விருது பெற்றவர் அருண் கிருஷ்ணமூர்த்தி. அவர் 2007-இல் தொடங்கிய இந்தியச் சுற்றுச்சூழல் அமைப்பு இன்று நாட்டின் பல மாநிலங்களில் குளம் வெட்டுகிறது.

எங்கள் குழுவுக்குப் பெயரெல்லாம் கிடையாது. பத்துப் பதினைந்து பேர் சேருவோம். நாங்கள் செய்வது பெரும்பாலும் கால்வாய் வேலை. அதற்குக் காரணம் ஆதனூர்ப் பக்கத்து ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் மதகு திறந்து அடைத்தவர். கண் மங்கி, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஏரியைத் தூர் வாரலாம் என்றிருக்கிறோம் என்று போய்ச் சொன்னோம். "ஏரிய வெட்டுறது இருக்கட்டும்பா. மொதல்ல காலை வெட்டுங்க. கால் இருந்தா ஏரி தானா ரொம்பும். கால் இல்லாம ஏரிய வெட்டினா, வெட்டின குழியில மாடுதான் படுக்கும்" என்றார்.

அவர் சொன்னபடி போய் நின்ற இடம், சாலைக்கு அடியில் போகிற ஒரு குழாய்ப்பாலம். மேலே வண்டிகள் போகின்றன. கீழே இரண்டு சிமெண்டுக் குழாய்கள் முக்கால்வாசி மண்ணில் புதைந்திருந்தன. குழாய்களின் வாயில் கைவைத்து இழுக்க இழுக்க வந்தவை: தெர்மாக்கோல், பஞ்சு மெத்தை ஒன்று முழுதாக, தலையணைகள், மது பாட்டில்கள், கல்யாண மண்டபத்துத் தட்டுகள், பிள்ளையார் சிலையின் இரும்புக் கம்பி, கோழிக்கடைக் கழிவு கட்டிய மூட்டைகள். மெத்தை தண்ணீர் குடித்து ஆள் கனம் கனத்தது. நாலு பேர் கயிறு கட்டி இழுத்தோம். எங்களோடு வருகிற ஒரு பெண், பொறியியல் படிக்கிறவள், குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "அங்கிள், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது!" என்று கத்தினாள். அடைப்பு எடுத்த பிறகும் தண்ணீர் போகவில்லை. நடந்து பார்த்தால், இன்னும் கீழே ஒரு மனைப்பிரிவின் மதிற்சுவர் கால்வாய்க்குக் குறுக்கே நின்றது. அதை நாங்கள் இடிக்க முடியாது. புல எண்ணோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-லேயே சட்டம் இருக்கிறது. தண்ணீரில் இறங்குகிற உழைப்பைவிட வரிசையில் நிற்கிற இந்த உழைப்புதான் பெரியது என்பதை இளைஞர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக்கிரமிப்பு என்றதும் ஏரிக்குள் ஓலைக்கொட்டகை போட்டிருக்கிற ஏழையை மட்டும் காட்டுவது நியாயமில்லை. கொட்டகையை ஒரு நாளில் எடுத்துவிடுகிறார்கள். கால்வாயை மறித்து நிற்கிற மதிற்சுவரும் சாலையும் அப்படியே இருக்கின்றன. அகற்றப்படுகிற குடும்பத்துக்கு அருகிலேயே மாற்று இடம் தராமல் செய்கிற ஏரி மீட்பு எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது ஏரியை அழகுபடுத்துவது என்றால் எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்துக்கு வெட்டி, கரையைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே நடைபாதை, விளக்கு, சிமெண்டு நாற்காலி. நடப்பவர்களுக்கு நல்லதுதான், மக்கள் தினமும் பார்க்கிற ஏரியில் குப்பை கொட்டக் கூச்சப்படுவார்கள். ஆனால் கிண்ணம்போல் வெட்டிய ஏரியில் ஆழமில்லாத ஓரம் இல்லை. விரால் எங்கே முட்டையிடும்? கொக்கும் உள்ளானும் எங்கே கால் ஊன்றும்? ஓரங்களைச் சரிவாக விடுங்கள், ஒரு பக்கமாவது கோரையையும் புல்லையும் விட்டுவையுங்கள் என்று பறவை, மீன் அறிந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கலங்கலும் அப்படித்தான். பழைய கலங்கலின் கீழ்ப்பக்கம் கருங்கல் படிப்படியாகச் சரிந்திருக்கும். தண்ணீர் உடைந்து உடைந்து இறங்கும், மீன் அதில் தங்கித் தங்கி ஏறும். இப்போது ஆளுயரக் கான்கிரீட் சுவரைக் கட்டி அதிலிருந்து தண்ணீரைக் கொட்டவிட்டால், எந்த மீனும் ஏறாது. மேல்நாடுகளில் அணைக்குப் பக்கத்திலேயே மீனுக்கென்று படிக்கட்டு கட்டுகிறார்கள். நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். கலங்கல் கட்டும் பொறியாளர்கள் ஒரு ஓரமாகக் கல்லைச் சரிவாக அடுக்கிவிட்டால் போதும்.

புண்ணியம் என்று நினைத்து ஏரியில் மீன் விடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரி அரிது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை அரசு தடை செய்திருக்கிறது, கண்டதையெல்லாம் தின்று நம் மீன்களை அழிப்பதால். வீட்டுத் தொட்டியில் பாசி தின்ன வாங்குகிற டேங்க் கிளீனர் மீன் பெரிதானதும் இரக்கப்பட்டு ஏரியில் விடுகிறார்கள். முதுகெல்லாம் முள்ளோடு அது இப்போது வலைகளைக் கிழிக்கிறது. நம் மீன்களை யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை. சேற்றிலும் கோடைக் குட்டைகளிலும் ஒளிந்து கிடப்பவை, வழி கிடைத்தால் தானே வந்து சேரும்.

வண்டலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய பாக்கியம் உண்டு. பக்கத்தில் காப்புக்காடு இருக்கிறது. 1985-இல் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். பூங்காவுக்குள்ளேயே ஓட்டேரி ஏரி. பருவமழை பொய்த்த ஆண்டுகளில் அது காய்ந்ததையும், நல்ல மழைக்குப் பிறகு நீர்க்காகமும் நாரையும் கூட்டமாக வந்து அடைவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். புலி பார்க்க வருகிற குழந்தைகளை அந்த ஏரிக்கரையிலும் கொஞ்சம் நிறுத்திக் காட்டலாம். 1937 முதல் தாம்பரத்தில் இருக்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடும் இப்படித்தான். மழை இறங்கிச் சேர இன்னும் மிச்சம் இருக்கிற நிலம் இவை. புதுச் சாலை, புதுப் பேருந்து முனையம், புது அடுக்குமாடி என்று ஒவ்வொன்று வரும்போதும், இந்த நிலத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் எந்த வழியாக எந்த ஏரிக்குப் போகும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

வேலையைத் தொடங்க ஏரிக்குப் போக வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டுப் புல எண்ணைக் கொடுத்தால் அரசின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்கலாம். பக்கத்துப் புல எண்களையும் போட்டுப் பாருங்கள். வாய்க்கால், ஓடை, ஏரி என்று எங்கே எழுதியிருக்கிறதோ அந்த இடத்துக்கு ஒரு மாலை நடந்து போய், அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22. மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. கால்வாய் வெட்ட ஏற்ற காலம் சித்திரையிலிருந்து ஆடி வரை. மழை தொடங்கிய பிறகு இயந்திரம் இறங்காது. அதனால் மார்ச் கூட்டத்துக்கே புலப்படத்தோடும் படங்களோடும் வாருங்கள். எந்தக் கால்வாய், எந்தப் புல எண், எங்கே அடைப்பு என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவிலிருந்து பத்துப் பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.